ஈரக்காற்று ஊரில் நல்ல சுருட்டைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி

நல்ல சுருட்டு ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் அதை மூக்கருகே கொண்டுபோவார்கள். மலேசியாவின் தெலுக் இந்தான் போன்ற ஊரில் இருப்பவர்கள் அதற்கு முன் விரலால் பார்க்க வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து, பற்றவைக்கும் அடியிலிருந்து வாயில் வைக்கும் தலை வரை மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். லேசாக அமுங்கி, விட்டதும் பழைய உருவத்துக்கு வந்தால் சரி. நனைந்த பஞ்சு போல் அமுங்கினால் ஈரம் ஏறியிருக்கிறது. சருகு நொறுங்கும் சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. இரண்டில் எதுவானாலும் அன்று அதைப் பற்றவைக்காதீர்கள்.

நம் ஊர்க் காற்று அப்படி. ஒரு பக்கம் பேராக் ஆறு, இன்னொரு பக்கம் கடலோரச் சதுப்பு, நடுவில் செம்பனையும் தென்னையும். ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டியே நிற்கிறது. காலையில் பொரித்த அப்பளம் மதியத்துக்குள் நமுத்துப்போகும். ஜாடியில் உப்பு கசியும். சுருட்டும் காய்ந்த இலைதான். அதற்கு ஏற்ற ஈரப்பதம் 62 முதல் 70 விழுக்காடு வரை. அதைவிட அதிகமானால் இலை உப்பிப்போகும், புகை வராது, கசக்கும்.

எனக்குக் கிடைத்த முதல் நல்ல சுருட்டை நான் இப்படித்தான் கெடுத்தேன். கப்பலில் வேலை செய்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. ‘விசேஷ நாளில் பிடிப்போம்’ என்று துணி அலமாரியில் மூன்று வாரம் வைத்திருந்தேன். தீபாவளி இரவு, வாசற்படியில் உட்கார்ந்து பற்றவைத்தேன். கன்னம் ஒட்ட இழுத்தாலும் புகை வரவில்லை. நான்கு தடவை அணைந்தது. பாதியில் மேல் இலை நீளவாக்கில் வெடித்தது. நாக்கில் வேப்பங்குச்சியை மென்ற கசப்பு. ‘இதற்கா இவ்வளவு விலை’ என்று வெறுத்துப்போய்த் தூக்கி எறிந்தேன். இலை நன்றாகத்தான் இருந்திருக்கிறது, சுற்றியவரும் சரியாகத்தான் சுற்றியிருக்கிறார், குற்றம் என் அலமாரியுடையது என்று புரிய ஒரு வருடம் ஆனது.

அதனால் சுருட்டை மதிப்பிடக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: நான்கையும் பிரித்துப் பாருங்கள். இலையின் குணம் ஒன்று. சுற்றிய கையின் வேலை இரண்டு. வைத்திருந்த விதம் மூன்று. பிடிக்கும் நம்முடைய அவசரம் நான்கு. ‘இந்தச் சுருட்டு மோசம்’ என்று சொல்லும் முன் நான்கில் எது மோசம் என்று சொல்லத் தெரிந்தால், சுவைக்கத் தெரிந்துவிட்டது என்று பொருள்.

தொடங்கும் முன்

புகையிலை உடம்புக்குக் கெடுதல். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்றாலும் வாய், தொண்டை, உணவுக்குழாயில் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. நிகோட்டின் வாய்த்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறும். பழக்கமும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். புகைக்கும் பழக்கம் இல்லாதவர் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம், உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே பிடிப்பவர், குறைவாகவும் நிதானமாகவும், என்ன பிடிக்கிறோம் என்று தெரிந்தும் பிடிக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் மாதத்துக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை. வெளியே போட்டிருக்கும் மேசையும் அதில் சேர்த்தி. கடையிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. ஆகவே காப்பிக்கடையில் பிடித்துப் பார்ப்போம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். வீட்டுப் பின்புறம், பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இல்லாத இடம், காற்று வீசாத நேரம். இதுதான் நமக்கு.

எதைப் பிரீமியம் என்கிறோம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சுருட்டு வாசனை புதிதல்ல. எல்லையில் முனியாண்டிக்குப் படையல் போடும்போது வாழையிலையில் ஒரு கட்டுச் சுருட்டு இருக்கும். லயத்தில் வயதான பாட்டிமார் வாசலில் குந்தியபடி பிடித்ததையும் பார்த்திருக்கிறேன். அவையும் கையால் சுற்றியவையே. உறையூர், திண்டுக்கல் பக்கத்துச் சுருட்டு ஆங்கிலேயர் காலத்தில் கப்பலேறி லண்டன் வரை போனது. திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்றால் அங்கே தெரியாதவர் இல்லை. அந்தச் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும், காய்ந்த நிலையிலேயே பிடிக்கலாம். அதைத் தாழ்த்திச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இங்கே நாம் பார்க்கப்போவது வேறு வகை.

கியூபா, நிக்கராகுவா, டொமினிக்கன் குடியரசு, ஹொண்டுராஸ் ஆகிய நாடுகளில் செய்யப்படும் பிரீமியம் சுருட்டுக்கு மூன்று அடுக்கு உண்டு. நடுவில் ஃபில்லர் என்னும் உள்ளிலை. தலை முதல் அடி வரை நறுக்காமல் முழு நீளத்துக்கு மடித்து வைத்த பல இலைகள். அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் பைண்டர் என்னும் கட்டிலை. எல்லாவற்றுக்கும் மேல், பார்வைக்கு வரும் ரேப்பர் என்னும் மேலிலை. மலிவான சுருட்டில் உள்ளே இருப்பது நறுக்கிய துணுக்குகள். வாயில் தூள் தூளாக வருவதும், சாம்பல் நிற்காமல் உதிர்வதும் அதனால்தான்.

உள்ளிலையின் கணக்கு வெற்றிலை போடுபவர்களுக்குச் சுலபமாகப் பிடிபடும். ஒரே கொடியில் அடி வெற்றிலைக்கும் நுனிக் கொழுந்துக்கும் காரம் ஒன்றா? புகையிலைச் செடியும் அப்படித்தான். அடியில் இருக்கும் வொலாடோ மென்மையானது, நன்றாக எரியும். நடுவில் இருக்கும் செக்கோ மணம் தரும். மேலே வெயிலை முழுக்க வாங்கும் லிஹேரோ தடித்தது, காரமானது, மெதுவாக எரியும். சுற்றுபவர் லிஹேரோவை நட்டநடுவில் வைப்பார்; ஓரத்தில் வைத்தால் சுருட்டு கோணலாக எரியும். பறித்த இலைகளைக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்தி, பிறகு குவியலாக அடுக்கி, உள்ளே தானாகவே சூடேறிப் புளிக்க விடுகிறார்கள். அந்தப் புளிப்பில்தான் பச்சை இலையின் கார நெடியும் அம்மோனியாவும் வெளியேறுகின்றன. அவசரப்பட்டுப் புளிக்கவைத்த இலை மூக்கைக் குத்தும். எரிச்சலூட்டும் சுருட்டு எல்லாம் ‘ஸ்ட்ராங்’ சுருட்டு இல்லை. பல சமயம் அது அரைவேக்காடு.

மேலிலை பற்றிப் பேசும்போது நமக்குப் பக்கத்து ஊர் ஒன்று வருகிறது. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் டெலி. 1863இல் யாக்கோப் நீன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் அங்கே புகையிலை போட்டார். பட்டுத்துணி போல் மெல்லியதாக விளைந்த அந்த இலை மேலிலைக்கென்றே ஐரோப்பாவுக்குப் போனது. அந்தத் தோட்டங்களுக்குச் சீனர்கள், ஜாவாக்காரர்களோடு நம் ஆட்களும் போனார்கள். மேடான் நகரில் 1880களில் எழுந்த மாரியம்மன் கோயில் அவர்களுடையது. இன்று கடையில் ‘சுமத்ரா ரேப்பர்’ என்று பார்த்தால், அந்த விதையிலிருந்து ஈக்குவடோரில் விளைந்த இலையாகப் பெரும்பாலும் இருக்கும். மேகம் மூடியே கிடக்கும் நாடு என்பதால் அங்கே இலைக்கு இயற்கையாகவே நிழல் கிடைக்கிறது. பட்டை, கிராம்பு போன்ற மெல்லிய இனிப்புக் காரம் அதன் அடையாளம். ஒரு தோட்ட ஊரில் உட்கார்ந்து அதைப் பிடிக்கும்போது, எந்தக் கைகள் முதலில் அந்த மண்ணுக்கு வாய்க்கால் வெட்டின என்ற நினைப்பு எனக்கு வராமல் இருப்பதில்லை.

முதல் சுருட்டை வாங்கும்போது

அளவு இரண்டு எண்களில் இருக்கும்: நீளம் அங்குலத்தில், பருமன் ஓர் அங்குலத்தை 64 பங்காக்கிய கணக்கில். 5 x 50 என்றால் ஐந்து அங்குல நீளம், 50/64 அங்குலக் குறுக்களவு, அதாவது ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். இந்த அளவுக்கு ரொபுஸ்டோ என்று பெயர். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை எரியும். புதியவருக்கு இதுவோ, இதைவிடச் சிறிய ‘பெட்டீ கொரோனா’ என்ற அளவோ போதும். 7 x 47 அளவுள்ள சர்ச்சில் வேண்டாம். பாதியிலேயே வாய் களைத்துவிடும்.

நிறத்தைப் பார்த்துக் காரத்தைக் கணிக்காதீர்கள். கறுத்த மடுரோ மேலிலை நீண்ட நேரம் சூட்டில் புளித்தது. பெரும்பாலும் இனிப்பும் கொக்கோவும்தான் தரும். காரத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருப்பது.

கியூபாச் சுருட்டு என்று மலிவாக யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். கோஹிபா என்ற கியூபாச் சுருட்டின் பெயரில் கண்ணாடி மூடி போட்ட பெட்டி வந்தால் அது போலியே. அசல் தயாரிப்பாளர் அப்படி ஒரு பெட்டி செய்வதில்லை. அசல் பெட்டியின் அடியில் ‘டொட்டால்மென்டே அ மானோ’ என்ற சூட்டு முத்திரை இருக்கும். ‘முழுக்கக் கையால்’ என்று பொருள். என் கருத்தில், தொடங்குபவர் கியூபாவையே தேடிப் போக வேண்டியதில்லை. நிக்கராகுவாவின் எஸ்டெலி, ஹலாப்பா பகுதிகளிலிருந்து வரும் சுருட்டுகள் விலைக்கேற்ற தரத்தில் ஏமாற்றுவது குறைவு.

ஒன்று வாங்காதீர்கள், ஒரே வகையில் மூன்று வாங்குங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வைத்திருப்பது

நம் ஊரில் பாதிப் பாடம் இதில் இருக்கிறது.

மரத்தாலான ஹியூமிடார் பெட்டி பார்க்க அழகு. ஆனால் அது உள்ளே ஈரத்தைத் தக்கவைக்கச் செய்யப்பட்டது. நமக்கு வேண்டியதோ வெளி ஈரம் உள்ளே வராமல் தடுப்பது. ரப்பர் வளையம் வைத்து இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, முறுக்கு வைக்கிறோமே அது போன்றது, புதிதாக, மசாலா வாசமே இல்லாததாக வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் 65 விழுக்காடு என்று எழுதிய இருவழி ஈரப்பதப் பொட்டலம் ஒன்றைப் போடுங்கள். காற்று காய்ந்திருந்தால் அது ஈரம் விடும், ஈரமாக இருந்தால் உறிஞ்சும். தண்ணீர் ஊற்றும் பஞ்சு வகை இங்கே வேண்டாம்.

ஈரப்பதமானி சிறியது ஒன்று வேண்டும். வாங்கியதும் அதை நம்பிவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். பாட்டில் மூடியில் உப்பு நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரச் சோறு பதத்துக்குக் குழைத்து, மானியோடு சேர்த்து மூடிய டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் அது 75 காட்ட வேண்டும். 71 காட்டினால், இனி எப்போது பார்த்தாலும் நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த எதிரி வண்டு. மல்லித்தூள், மிளகாய்த்தூள் டப்பாவில் சிவந்த பழுப்பு நிறத்தில் ஒரு பொடி வண்டு வருமே, அந்தக் குடும்பம்தான். புகையிலை வண்டு என்றே பெயர். இலைக்குள் இருக்கும் முட்டை 24 பாகைக்கு மேல் வெப்பம் போனால் பொரிக்கத் தொடங்கும். நம் வீடு பகலில் 30 பாகை. மேலிலையில் குண்டூசி குத்தியது போல் ஓட்டை தெரிந்தால் உள்ளே ஆள் வந்துவிட்டது. அதற்கு முன்பே, வாங்கிய சுருட்டைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஐஸ்பெட்டியின் உறைபனித் தட்டில் மூன்று நாள் வையுங்கள். பிறகு கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகுதான் வெளியே. நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும்.

டப்பாவை ஏர்கோன் அறையில், சுவருக்குள் அடங்கிய அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஜன்னலோரம் கூடாது. வெள்ளை, பச்சைப் பூசணம் மயிர் மயிராகத் தெரிந்தால் மெல்லத் துடைத்துத் தனியே வையுங்கள். பற்றவைக்கும் முனையின் உள்ளிலையிலேயே பூத்திருந்தால் எறிந்துவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள்.

ஈரம் ஏறிய சுருட்டைக் காப்பாற்ற முடியும். அதே டப்பாவில் மூன்று, நான்கு வாரம் கிடக்கட்டும். வடகம் போல் வெயிலில் காயவைப்பதும், காற்றாடிக்கு நேரே வைப்பதும் அதைக் கொல்லும். வெளி இலை சுருங்கும்போது உள்ளிலை இன்னும் உப்பியே இருக்கும்.

வெட்டுவதும் பற்றவைப்பதும்

வயிற்றில் சோறு இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் பிடித்து வியர்த்து, தலை சுற்றி, வாந்தி எடுத்தவர்களில் நானும் ஒருவன். அப்படி ஆனால் உடனே நிறுத்திவிட்டு ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துச் சாய்ந்து உட்காருங்கள்; கால் மணியில் தெளியும். அதே சமயம், மிளகாய் தூக்கலான வாழையிலைச் சாப்பாடு முடிந்த கையோடும் உட்காராதீர்கள். நாக்கு எரியும்போது எதைச் சுவைப்பது? ஒரு மணி நேரம் விடுங்கள். பக்கத்தில் வெறும் தண்ணீர், வேண்டுமானால் சீனி போடாத கோப்பி ஓ. பால் கலந்த தே தாரே நாக்கில் படலமாகப் படிந்துவிடும்.

தலைப்பக்கம் வட்டமாக ஒட்டியிருக்கும் சின்ன இலைத்துண்டுக்குக் கேப் என்று பெயர். அது முடியும் கோடு உற்றுப் பார்த்தால் தெரியும். வெட்டு அந்தக் கோட்டுக்கு மேலேயே இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் போதும். கோட்டைத் தாண்டி வெட்டினால் மேலிலை பிரிந்துகொண்டே வரும். இரட்டை அலகு கட்டரை வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சமையலறைக் கத்தி வேண்டாம், பல்லால் கடிப்பதும் வேண்டாம்.

வெட்டியதும் பற்றவைக்காமலே ஓர் இழுப்பு இழுங்கள். இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, காற்று வரும் வழி: இளநீரை உறிஞ்சுகுழலில் உறிஞ்சுவது போல் லேசான தடையோடு வந்தால் நன்றாகச் சுற்றியிருக்கிறார்கள். தடையே இல்லாமல் வந்தால் உள்ளிலை குறைவு. சூடாக எரிந்து கசக்கும். இன்னொன்று, பச்சைச் சுவை: வைக்கோல், உலர்ந்த திராட்சை, கொக்கோ என்று உதட்டிலும் நாக்கு நுனியிலும் ஏதாவது படும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது காற்றாடியை நிறுத்துங்கள். பியூட்டேன் வாயு லைட்டர் நல்லது. நீளத் தீக்குச்சியானால் மருந்து எரிந்து முடியும் வரை காத்திருங்கள். பெட்ரோல் லைட்டரும் மெழுகுவர்த்தியும் தங்கள் வாசத்தை இலையில் ஏற்றிவிடும். சுருட்டைச் சாய்த்துப் பிடித்து, தீ இலையைத் தொடாமல் கீழே வைத்து, அப்பளம் சுடுவது போல் திருப்பிக்கொண்டே முனையை வாட்டுங்கள். ஓரம் முழுக்கக் கறுத்ததும் வாயில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே திருப்புங்கள். பிறகு முனையில் ஊதிப் பாருங்கள். வட்டம் முழுக்கச் சமமாகச் சிவந்தால் போதும். ஒரு பக்கம் கறுப்பாக இருந்தால் அங்கே மட்டும் தீயைக் காட்டுங்கள். இந்த இரண்டு நிமிடப் பொறுமை பின்னால் வரும் பாதித் தொல்லையைத் தவிர்க்கும்.

சுவைப்பது

புகை வாயோடு நிற்க வேண்டும். நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. சிகரெட் பிடித்துப் பழகியவர்களுக்கு இதுதான் கடினம். வாயை நிரப்பி, இரண்டு மூன்று நொடி நாக்கின் மேல் சுழலவிட்டு, வெளியே விடுங்கள். அடுத்த இழுப்புக்கு ஒரு நிமிடமாவது பொறுங்கள். அடிக்கடி இழுத்தால் நெருப்பு சூடேறி எண்ணெய்கள் கருகும். அந்தக் கசப்பைச் சுருட்டின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி, சிங்கப்பூரில் வேலை செய்பவர், இரண்டு ரொபுஸ்டோவோடு வந்து உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்து, “மாமா, எனக்கு வெறும் புகை வாசம்தான் வருது” என்றார்.

“இழுக்கிறப்ப தேடாதீங்க. புகையை விட்டதுக்கு அப்புறம் வாயில என்ன மிச்சமிருக்குன்னு பாருங்க.”

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். “கச்சான். வறுத்தது. அந்தச் சிவப்புத் தோலோட.”

சரியாகவே சொன்னார். நிலக்கடலைத் தோலின் அந்த லேசான துவர்ப்பு வரை அதில் இருந்தது.

சுருட்டுப் புத்தகங்களில் எழுதும் சுவைப் பெயர்களை நாம் இரவல் வாங்கத் தேவையில்லை. செடார் மரம் எப்படி மணக்கும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்குச் சந்தனம் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் அஞ்சறைப்பெட்டி. சுருட்டு பிடிப்பதற்கு முந்தைய வாரம், தினமும் ஐந்து நிமிடம், கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து பெயர் சொல்லுங்கள்: மிளகு, பட்டை, கிராம்பு, ஏலம், சுக்கு, சோம்பு, வெந்தயம். பிறகு வறுத்த காப்பிக்கொட்டை, கருப்பட்டி, குலா மெலாக்கா, முற்றிய தேங்காய், பழைய தோல் செருப்பு, வைக்கோல், மழை விழுந்த மண். மிளகின் காரமும் சுக்கின் காரமும் வேறு வேறு இடத்தில் எரிவதை ஒரு தடவை கவனித்துவிட்டால் பிறகு புகையிலும் அது தெரியும். நிக்கராகுவா இலையில் மிளகு முன்னே நிற்கும். கனெக்டிகட் வகை வெளிர் மேலிலையில் பால், வெண்ணெய், வைக்கோல். மடுரோவில் கருப்பட்டிப் பாகும் கொக்கோவும். இவை பொதுக் குணங்கள். உங்கள் நாக்கு வேறு சொன்னால் அதை எழுதுங்கள்.

மூக்கு வழியாகவும் பார்க்க வேண்டும். வாயில் இருக்கும் புகையில் பாதியை வெளியே விட்டுவிட்டு, மீதியை வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று முனகுவது போல் மூக்கு வழியே மெல்லத் தள்ளுங்கள். உள்ளே இழுப்பது அல்ல, வெளியே தள்ளுவது. நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சில அடிப்படைச் சுவைகளே தெரியும். ஏலம், சந்தனம் எல்லாம் மூக்கின் வேலை. முதல் தடவை கண்ணில் நீர் வரும். ஐந்தாறு இழுப்புக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். காரம் என்பது நிகோட்டின். அது வயிற்றிலும் தலையிலும் தெரியும். கனம் என்பது வாயில் புகை உணரும் தடிமன். கஞ்சிக்கும் கஞ்சித்தண்ணிக்கும் உள்ள வித்தியாசம். சுவை இவை இரண்டிலும் சேராதது. கனமான சுருட்டு காரமில்லாமல் இருக்கலாம். காரமான சுருட்டில் சுவையே இல்லாமலும் போகலாம். அப்படி நிறையப் பிடித்திருக்கிறேன்.

சுருட்டை மனதில் மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பங்கு வைக்கோல், இரண்டாம் பங்கு தெய்வீகம், மூன்றாம் பங்கு சாணம் என்று பிரெஞ்சு மொழியில் ஒரு வழக்கு உண்டு. எரிய எரியத் தாரும் ஈரமும் பின்னால் சேர்வதால் கடைசிப் பங்கு காரமாகிக்கொண்டே போகும். நல்ல சுருட்டின் பெருமை எனக்கு நடுப்பங்கில் தெரிகிறது. முதலில் தனித்து நின்ற மிளகும் காப்பியும் அங்கே ஒன்றோடொன்று கலந்து, வத்தக்குழம்பு கொதித்து எண்ணெய் பிரியும் நேரம் போல ஆகும். அந்த மாற்றமே நடக்காத சுருட்டும் உண்டு. தொடங்கிய சுவையிலேயே முடியும். குற்றமில்லை, ஆனால் அதற்குப் பெரிய விலை கொடுக்க மாட்டேன். கடைசியில் விரல் சுடும்வரை பிடிக்காதீர்கள். சுவை கெட்டதும் வைத்துவிடுங்கள். நசுக்காமல் சாம்பல் தட்டில் கிடத்தினால் தானே அணையும். நசுக்கினால் நாற்றம்.

எரிவதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்

சாம்பல் 2 சென்டிமீட்டருக்கு மேல் நின்றால் நீள உள்ளிலை, நல்ல கைவேலை. அதற்காக அதை வளர்த்துக்கொண்டே போக வேண்டாம், சட்டையில் விழும். சாம்பல் வெள்ளையாக இருந்தால் உயர்ந்தது என்பது தவறு. நிறம் மண்ணின் தாதுக்களைப் பொறுத்தது.

எரியும் கோடு கொஞ்சம் வளைந்தால் விட்டுவிடுங்கள், தானே சரியாகும். ஒரு பக்கம் படகு போல் பள்ளமாக இறங்கினால் பின்தங்கிய பக்கத்தை மட்டும் லைட்டரால் தொடுங்கள். காற்று அடித்ததா, அவசரமாகப் பற்றவைத்தோமா என்று முதலில் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் இல்லை, ஒரே பெட்டியில் மூன்றும் அப்படியே எரிந்தன என்றால் சுற்றியவரின் தவறு. உள்ளே குடைந்துகொண்டு எரிந்து மேலிலை எரியாமல் நின்றால் பெரும்பாலும் ஈரம், இல்லையென்றால் நாம் மிக மெதுவாக இழுக்கிறோம். பாதியில் கசப்பு ஏறினால் ஒரு தடவை சுருட்டுக்குள் மெல்ல ஊதிப் பழைய புகையை வெளியேற்றிவிட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். பல சமயம் சுவை திரும்பும்.

குறிப்பேடு

மதிப்பெண் போடுவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு வழி. நான் பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். நூற்றுக்கு இப்படிப் பிரிக்கிறேன்: தோற்றம் 10, இழுப்பும் எரிவதும் 30, சுவையும் அதன் மாற்றமும் 40, வாயில் கடைசியாக நிற்கும் மிச்சம் 10, மறுபடி வாங்குவேனா என்பதற்கு 10. தோற்றத்துக்கு இன்னும் குறைவாகவே கொடுக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. நரம்பு தடித்த, கரடுமுரடான மேலிலையில் அருமையான சுருட்டுகள் பிடித்திருக்கிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் எழுதுங்கள்: டப்பாவின் ஈரப்பதம், அன்று என்ன சாப்பிட்டீர்கள். சில மாதங்கள் கழித்துப் பார்க்கும்போது எண்ணைவிட இவைதான் உதவும்.

நியாயமாக மதிப்பிட வேண்டுமானால் சுருட்டின் காகித வளையத்தைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் யாரையாவது மூன்று வகைச் சுருட்டின் வளையங்களைக் கழற்றி 1, 2, 3 என்று துண்டுச்சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடித்துவிடாமல் மாதத்துக்கு ஒன்றாகப் பிடித்து எழுதிய பிறகு சீட்டைப் பிரியுங்கள். என் மனைவி இப்படி ஒட்டிக் கொடுத்ததில், மிக உயர்வாக நினைத்திருந்த பெயருக்கு நானே 71 போட்டிருந்தேன். பெயரே தெரியாத நிக்கராகுவாச் சுருட்டுக்கு 88.

ஒரே வகையில் மூன்று வாங்கச் சொன்னேன் அல்லவா? கையால் சுற்றுவது, ஒன்று இறுகும், ஒன்று தளரும். ஒன்றை வைத்து அந்த வகைக்கே தீர்ப்பு எழுத முடியாது. முதலாவதை வாங்கிய மாதமே, உறைபனித் தட்டிலிருந்து வெளியே வந்து டப்பாவில் இரண்டு வாரம் கிடந்த பிறகு பிடியுங்கள். இரண்டாவதை மூன்று மாதம் கழித்து. மூன்றாவதை ஒரு வருடம் கழித்து. என் நோட்டில் ஒரு ஹொண்டுராஸ் ரொபுஸ்டோவின் மூன்று பக்கங்கள் இருக்கின்றன. முதல் பக்கம்: ‘69 விழுக்காடு. இறுக்கம். மிளகு மட்டும். மூக்கு எரிச்சல். 66.’ இரண்டாம் பக்கம்: ‘65. இழுப்பு சரி. காப்பி, சுக்கு. நடுவில் கருப்பட்டி வந்துபோனது. 79.’ மூன்றாம் பக்கத்தில் எண் 87. கீழே ஒரே வரி: ‘மழை நின்ற மாலை. அதே இலைதான். எரிச்சல் போய்விட்டது, ஏலம் வந்திருக்கிறது.’